தூக்குவதற்காகக் கற்றது

என் முதுகு பிடித்துக்கொண்டது ஒரு திங்கட்கிழமை காலையில். மனைவியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அக்குளுக்கடியில் கைகளைக் கொடுத்துத் தூக்கிப் பாதி திரும்பியபோது இடுப்புக்கு மேலே சுருக்கென்று இழுத்தது. அவளைக் கீழே போட்டுவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில் மெல்ல மடங்கி, அவளை மடியில் தாங்கியபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில் இருவரும் மாட்டிக்கொண்டோம். அவளால் எழ முடியாது. அது அவளுடைய நோய். என்னாலும் எழ முடியவில்லை. அது அன்றைக்குத்தான் புதிது.

மகள் கல்லூரிக்குக் கிளம்பிப் போயிருந்தாள். பகலில் துணைக்கு வரும் அம்மாள் வர இன்னும் நேரமிருந்தது.

"ஏனுங்க, ரொம்ப வலிக்குதுங்களா?" என்றாள்.

"இல்ல."

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது." என் தோளில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "இப்பிடித் தரையில உக்காந்து எத்தன நாளாச்சு. சில்லுன்னு நல்லாருக்குது," என்றாள்.

துணைக்கு வருகிற அம்மாள் வந்து கதவைத் திறந்தபோது நாங்கள் இருவரும் அப்படியேதான் இருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து முதலில் அவளைத் தூக்கினார்கள், பிறகு என்னை.

அவள் ஹனூர்ப் பக்கம், நான் கொள்ளேகால். கல்யாணமான புதிதில் எனக்கு மைசூருக்கு மாற்றலானதால் வந்தோம், இங்கேயே தங்கிவிட்டோம். அவள் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் பேசுவது எங்கள் பக்கத்துத் தமிழ், பாடம் எடுப்பது கன்னடத்தில். அதனாலோ என்னவோ, பேச்செல்லாம் தமிழில் இருந்தாலும் எண்கள் மட்டும் அவள் வாயில் கன்னடத்தில்தான் வரும். கடையில் வெங்காயம் வாங்கினாலும் ஒந்து, எரடு, மூரு என்றுதான்.

நோய் கையில் ஆரம்பித்தது. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சாக்பீஸ் நழுவிவிடுகிறது என்றாள். வயதாகிறது என்று சிரித்தோம். பிறகு படியில் கால் தடுக்கியது. பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் பல பரிசோதனைகள் செய்துவிட்டு, மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். கை, கால், பிறகு விழுங்குவது, பேசுவது, கடைசியில் மூச்சு. அறிவுக்கு ஒன்றும் ஆகாது; எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். மகளுக்கு வருமா என்று. அநேகமாக வராது என்றார் மருத்துவர். அதற்குப் பிறகு திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலோரம் நன்றாகத் தூங்கினாள். நான்தான் விழித்திருந்தேன்.

முதுகுக்காக நான் போய்ப் பார்த்த எலும்பு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, முதுகில் பெரிய கோளாறு இல்லை என்றார். வயிற்றைச் சுற்றியுள்ள தசைகள் வேலை செய்வதை மறந்துவிட்டன, அந்த வேலையையும் சேர்த்து முதுகே செய்கிறது, இன்னும் கொஞ்ச நாளில் நிரந்தரமாகப் படுத்துவிடுவீர்கள் என்றார். யாரைத் தூக்குகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வலி அடங்கியதும் வயிற்றுக்கும் இடுப்புக்கும் பயிற்சி எடுங்கள், வேறு வழி இல்லை என்றார்.

மைசூரில் யோகாவுக்குக் குறைவில்லை. எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து மாதக்கணக்கில் தங்கிக் கற்கிறார்கள். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் ஒருநாள்கூடப் பாய் விரித்து உட்கார்ந்ததில்லை. மகள்தான் செல்போனில் தேடிக் கண்டுபிடித்தாள். அக்ரஹாரத்தில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, மாடியில், யோகாவையும் பிலாட்டிஸ் என்கிற மேல்நாட்டு உடற்பயிற்சியையும் சேர்த்துப் புதியவர்களுக்கென்றே ஒரு வகுப்பு. காலையில் மகள் வீட்டில் இருக்கிற நேரம். "நீ போப்பா. அம்மாவ நான் நோடிக்கிறேன்," என்றாள். பார்த்துக்கொள்கிறேன் என்பதைப் பாதிக் கன்னடத்தில் சொல்கிற பிள்ளை அவள்.

ஆசிரியை முப்பத்தைந்து வயதிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். முன்பு ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். வகுப்பில் பெரும்பாலும் பெண்கள். பிரசவத்துக்குப் பிறகு வயிறு தளர்ந்துபோனவர்கள், நாற்காலியில் உட்கார்ந்தே முதுகு கெட்டவர்கள். ஐம்பதைத் தாண்டிய ஆண் நான் ஒருவன்தான். பேன்ட் போட்டுக்கொண்டே போய்விட்டேன். அவர் மறுநாள் லூசான ட்ராக் பேன்ட் போட்டு வாருங்கள் என்றதோடு சரி.

"மல்லாந்து படுத்துக்கோங்க சார். முட்டிய மடக்கி, பாதம் தரையில. இப்போ ஒருவாட்டி இருமுங்க."

இருமினேன்.

"வயிறு உள்ளுக்குள்ள இறுகிச்சு பாருங்க. அதுதான் நமக்கு வேணும். அதுல பாதி போதும். அப்படியே வெச்சிக்கிட்டு ஒரு கால மட்டும் மெல்லத் தூக்குங்க. இடுப்பு தரைய விட்டு வரக் கூடாது. மூச்ச நிறுத்தாதீங்க."

பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஒரு காலைத் தூக்கி இறக்குவது. பிறகு மறு கால். ஆனால் இடுப்பு அசையாமல் அதைச் செய்ய என்னால் முடியவில்லை. தொடை நடுங்கியது, கழுத்து விறைத்தது. பிறகு யோகாவுக்குத் திரும்புவோம். நான்கு காலில் நின்று பூனைபோல முதுகை வளைத்து நிமிர்த்துவது, படுத்து இடுப்பை மட்டும் மேலே தூக்கிப் பாலம்போல நிற்பது. முழங்கையும் கால் விரல்களும் மட்டும் தரையில் பட, உடம்பைப் பலகை மாதிரி நிறுத்துவது எல்லாவற்றிலும் கஷ்டம். முதல் நாள் நிறுத்திய வேகத்தில் விழுந்தேன்.

எதற்காக இரண்டையும் கலக்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"யோகால ஒரு நிலையில அப்படியே இருக்கப் பழகுறோம். பிலாட்டிஸ்ல நடு உடம்பு ஆடாம கைகால ஆட்டப் பழகுறோம். உங்களுக்கு ஒருத்தரத் தூக்கிட்டு நிக்கவும் வேணும், திரும்பவும் வேணும். ரெண்டுமே வேணும்தான சார்?"

அவரிடம் நான் அதுவரை மனைவியைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. மகள் என் பெயரைப் பதியும்போதே சொல்லிவிட்டிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வீட்டுக்கு வந்தார். நான் எப்படித் தூக்குகிறேன் என்று பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு எல்லாமே தப்பு என்றார். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மட்டும் குனியச் சொன்னார். அவளை என் நெஞ்சோடு ஒட்ட வைத்துக்கொண்டு, தூக்கும் நேரத்தில் மூச்சை வெளியே விட வேண்டும். உடம்பை முறுக்காமல் பாதங்களை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். என்னை விலகச் சொல்லிவிட்டு அவரே ஒருமுறை செய்து காட்டினார். ஒல்லியான உடம்பு. என் மனைவியை ஒரு குழந்தையை எடுப்பதுபோல எடுத்து நாற்காலியில் வைத்தார்.

அப்போது அவள் கேட்டாள். "ஏம்மா, இவருக்குச் சொல்லித் தர்றதுல எனக்கு ஏதாச்சும் உதவுமுங்களா?"

ஆசிரியை அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "இல்ல மேடம். உங்களுக்குப் பலம் ஏத்துற பயிற்சி ஆகாது. தசையக் களைக்க வெச்சா இன்னும் சீக்கிரம் போகும். மூச்சுக்குக் கொஞ்சம் சொல்லித் தரேன். அதுவும் சௌகரியத்துக்குத்தான்."

அவள் தலையை லேசாக அசைத்தாள். "இதுவரைக்கும் எல்லாரும் மூலிகையும் எண்ணெயும் சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் நெசத்தச் சொல்றீங்க," என்றாள். பிறகு காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

வகுப்பில்லாத நாட்களில் வீட்டிலேயே செய்தேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரிப்பேன். தலையணையை உயர்த்தி அவளை என் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். ஒரு வகுப்பையே பார்த்துப் பழகிய கண். என் இடுப்பு அரை விரல் இறங்கினாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"எறங்குது எறங்குது. ஏத்துங்க."

"முடியல டீச்சர்."

"பசங்களும் இதயேதான் சொல்லுவாங்க. நான் எண்ணி முடிக்கிற வரைக்கும் இருங்க."

ஒந்து, எரடு, மூரு, நால்கு என்று எண்ணுவாள். ஒரே மூச்சில், இழுக்காமல், தெளிவாக. அவள் இருபதைத் தொடும் வரை நான் பலகையாக நிற்க வேண்டும். ஆரம்பத்தில் பாதியிலேயே சரிந்துவிடுவேன். அவள் தொடர்ந்து எண்ணிக்கொண்டே போவாள், வேண்டுமென்றே, நான் குப்புறக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு. அந்த மாதங்களில் நாங்கள் நிறையச் சிரித்தோம். எனக்கு அது இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒருநாள் நான் அவள் எண்ணி முடிக்கும் வரை நின்றுவிட்டேன். எழுந்து பெருமையாக அவளைப் பார்த்தேன். அவளும் சந்தோஷப்பட்டாள். ஆனால் பல் தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் இருபது வரை போகவில்லை. பன்னிரண்டிலேயே மூச்சு வாங்கி நிறுத்திவிட்டாள். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன்.

பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். நான் ஒவ்வொரு வாரமும் நன்றாகச் செய்தேன். என் தோள் நிமிர்ந்தது, அலுவலகத்தில் இளைத்துவிட்டீர்கள் என்றார்கள், முதுகு வலி போன இடம் தெரியவில்லை. அவளுடைய எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் குறைந்தது. சொற்கள் குழைந்தன. அதை மறைக்க நான் வேகமாக எழுந்துவிடுவேன், அவள் நிறுத்துவதற்கு முன்பே முடியவில்லை என்று சொல்லிவிடுவேன். கணக்கு டீச்சருக்கு அது தெரியாமலிருக்குமா?

ஒரு காலை, "இங்க வாங்க," என்றாள். கை தூக்க முடியாதாகையால் அவள் கையை எடுத்து என் வயிற்றின் மேல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். இறுக்கச் சொன்னாள். இறுக்கினேன்.

"கல்லாட்ட இருக்குது," என்றாள். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கியது. "என்கிட்ட இருந்து போறதெல்லாம்... உங்ககிட்ட வந்து சேருதாட்ட இருக்குதுங்க."

வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் அவள் கையை எடுத்துப் படுக்கையில் வைத்துவிட்டு, பால் வாங்கி வருகிறேன் என்று வெளியே போனேன். அக்ரஹாரத்துத் தெருக்களில் பால் பாக்கெட்டோடு எங்கெங்கோ சுற்றினேன். மறுநாள் பாய் விரிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் விரிக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளுக்குக் கோபம் வந்தது. "நீங்க செய்யலீனா... என்னைய யாரு தூக்குவா?" என்றாள். பாயை எடுத்து விரித்தேன். மகள் வந்து அம்மாவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, எண்ணுகிற வேலையை எடுத்துக்கொண்டாள். அம்மாவைப்போலவே கன்னடத்தில் எண்ணினாள். அவள் குரல் நடுங்கியதை நாங்கள் இருவரும் கேட்காததுபோல இருந்தோம்.

அந்த வருட மழை ஆரம்பிப்பதற்கு முன், மாதேஸ்வரன் மலைக்குப் போக வேண்டும் என்றாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் வீட்டார் வருடா வருடம் ஹனூரிலிருந்து நடந்தே போகிறவர்கள். மருத்துவர் வேண்டாம் என்றார். மகளும், "சாக்கு அம்மா, இருக்கிற கஷ்டம் பத்தாதா," என்றாள். கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கார் ஏற்பாடு செய்தேன்.

கொள்ளேகால் தாண்டி மலை வளைவுகளில் ஏறும்போது அவள் தலையை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். கோவிலருகே சக்கர நாற்காலி போகிற வரை தள்ளினேன். அதற்குமேல் படி. யாரோ இரண்டு பேர் உதவிக்கு வந்தார்கள், தமிழ்க்காரர்கள், சேலத்துப் பக்கம் என்றார்கள். "நாங்க ஒரு பக்கம் புடிக்கிறோமுங்க," என்றார்கள். வேண்டாம் என்றேன். இடுப்பிலிருந்து குனிந்தேன். நெஞ்சோடு சேர்த்து அணைத்தேன். மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தேன்.

முதுகு வலிக்கவில்லை. கால் நடுங்கவில்லை. படியேறி, கூட்டத்துக்கு நடுவே, சாமிக்கு நேராக அவளைக் கைகளில் ஏந்தி நின்றேன். மக்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். நான் பலசாலியாகிவிட்டதால் அவ்வளவு சுலபமாக இருந்ததா, அவள் அந்த அளவுக்கு இளைத்துவிட்டதாலா என்று எனக்குத் தெரியவில்லை. சந்நிதியில் நான் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. அவள் என்ன வேண்டினாள் என்று கேட்கவும் இல்லை. அவள் கண் மூடியிருந்தது. விபூதியை நான் இட முடியாமல் மகள்தான் இட்டாள்.

மழைக்காலத்தில் மூச்சு மோசமானது. முகத்தில் மாட்டுகிற ஒரு கருவி கொடுத்தார்கள். தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தால் இன்னும் கொஞ்ச காலம் கிடைக்கும் என்றார்கள். அவளுக்கு அப்போது பேச்சு முழுக்கப் போய்விட்டது. ஆமாம் என்றால் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பாள். இல்லை என்றால் விழித்தபடியே பார்ப்பாள். நான் மூன்று தடவை கேட்டேன், வேறு வேறு விதமாக. மூன்று தடவையும் விழித்தபடியே பார்த்தாள். மகள் அழுதுகொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். நான் கருவியின் பட்டையைச் சரி செய்துவிட்டுச் "சரி, டீச்சர்," என்றேன்.

ஒரு மத்தியானம் போனாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கருவி ஓடிக்கொண்டே இருந்ததால் மூச்சு எப்போது நின்றது என்று எங்களுக்கு உடனே தெரியவில்லை.

ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். குளிப்பாட்டக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றபோது அவள் தம்பி, "மாமா, நீங்க இருங்க, நாங்க நாலு பேரு இருக்கறமுங்க," என்றான். நான் கேட்கவில்லை. கட்டிலருகே போய் எப்போதும்போல நின்றேன். உயிரோடிருக்கும்வரை, எவ்வளவு தளர்ந்திருந்தாலும், தூக்கும்போது அவள் உடம்பில் ஏதோ ஒன்று எனக்கு ஒத்துழைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அது இல்லாதபோதுதான் அது இருந்தது எனக்குத் தெரிந்தது. அன்று அவள் கனமாக இருந்தாள். ஆனாலும் முழுக்க நானே தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு பாயை நான் தொடவில்லை. காலையில் விழிப்பு வந்துவிடும். கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். தூக்குவதற்கு யாருமில்லாத வீட்டில் எதற்காக வயிற்றை இறுக்குவது என்று தோன்றும். ஆசிரியை துக்கம் விசாரிக்க வந்தபோது வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மகளிடம் மட்டும் ஏதோ மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

சில மாதங்களில் முதுகு மறுபடியும் பேச ஆரம்பித்தது. ஒருநாள் குனிந்து செருப்பை மாட்ட முடியாமல் வாசலில் நின்றேன். மகள் பார்த்துவிட்டாள். அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்து, கிளம்ப வேண்டிய நேரம் அது.

"நீ இப்படி இருந்தா நான் ஹேகப்பா போறது?" என்றாள். எப்படிப் போவது என்று.

"நீ போ. எனக்கு ஒண்ணுமில்ல."

"என்னால இன்னொருத்தரத் தூக்க முடியாதுப்பா," என்றாள்.

கோபமாகத்தான் சொன்னாள். சொன்ன பிறகு முகத்தை மூடிக்கொண்டாள். மறுநாள் காலை நான் மாவு மில்லின் மாடிப்படி ஏறினேன்.

ஆசிரியை புதிதாக வந்தவர்களோடு என்னைச் சேர்த்தார். மறுபடியும் இருமச் சொன்னார். மறுபடியும் ஒரு காலைத் தூக்கச் சொன்னார். உடம்பு பாதியை மறந்திருந்தது. மீதியை வைத்துச் சமாளித்தேன். வகுப்பு முடிவில் எல்லாரும் கண்ணை மூடிச் சவாசனத்தில் படுத்திருக்கும்போது, கீழே மில் ஓடி நின்றது. திடீரென்று வந்த அந்த அமைதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். வயிறு குலுங்கியது. யாரும் எழுந்து வரவில்லை. பக்கத்துப் பாயிலிருந்த பெண் தன் துண்டை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இப்போது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போகிறேன். பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. கெட்டுப்போகாமல் வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். சில நாள் அங்கே போவதே பாரமாக இருக்கும். போன பிறகு கொஞ்சம் பரவாயில்லாமல் இருக்கும். அலுவலகத்துக்குப் போகிறேன், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வாள். அம்மாவைப் பற்றி நாங்கள் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் பாதியில் போனை வைக்க வேண்டி வரும். அதனால் அவள் என் முதுகைப் பற்றிக் கேட்பாள். நானும் முதுகைப் பற்றியே விவரமாகச் சொல்வேன்.